மேலே பிளந்த ஊசி

மாமா தன் பழைய வேனைக் காரவனாக மாற்றியதில் எங்கள் வீட்டில் மகிழ்ந்தவர் மாமா ஒருவர்தான். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பொன்முடி மலைக்கு வரும் டூரிஸ்டுகள் இதற்காக வரிசையில் நிற்பார்கள் என்று நம்பினார். பக்கவாட்டுக் கதவு மட்டும் வளைவுகளில் தானாகத் திறந்துகொள்ளும். அதை ஒரு கயிற்றால் கட்டி, முனையை என் கையில் கொடுத்து, "மோளே, நீதான் கண்டக்டர். விட்டுடாதே" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது. பயப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூஜை லீவில் கிளம்பினோம். அப்பாவுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. ஆகவே மாமா, அம்மா, நான். ஊர் சுற்றப் போகிறோம், போகிற வழியில் பழைய தையல் சாமான் கிடைத்தால் வாங்குவோம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தது. அம்மா கரமனையில் எங்கள் வீட்டு முன்னறையில் ரவிக்கைகளுக்கு மணியும் பொத்தானும் வைத்துத் தைத்துக் கொடுப்பவள். பழைய கடைகளின் மேல்தட்டில் கிடக்கும் கண்ணாடி மணி, சிப்பிப் பொத்தான், கறுக்காத சரிகை என்றால் பசி தூக்கம் மறந்துவிடுவாள். அப்பா சந்தேகப்படவில்லை.

எனக்குத்தான் வேறொன்று தெரியும். முந்தின வாரம் அம்மாவும் மாமாவும் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாள் என்று வாசலில் காத்திருந்தேன். வெறும் முகத்தோடு வந்தாள். பிறகு சமையலறையில் அவள் மாமாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அந்த ஊசி கிடைச்சா தைப்பேன். இல்லேன்னா தையல் மெஷினை யாருக்காவது குடுத்துடலாம்டா. அவர்கிட்ட இப்போ ஒண்ணும் சொல்லாதே, கேட்டியா?"

அந்த ஊசியின் காது மேலே பிளந்திருக்குமாம். நூலை உள்ளே நுழைக்க வேண்டாம். மேலே வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் தானே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மாமா போனில் தேடி வரவழைத்த புது ஊசிகள் பட்டுநூலை அறுத்துத் தள்ளின. அம்மா தையல் படித்த காலத்து ஊசி அப்படி அறுக்காது. ஆனால் ஊசி கோர்ப்பது வீட்டில் என் வேலை அல்லவா? பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு வரிசை கோர்த்துப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டுத்தான் போவேன். நான் இருக்கும்போது இன்னோர் ஊசி எதற்கு என்று புரியவில்லை. மெஷின் போய்விடும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. மெஷின் சத்தமில்லாத எங்கள் வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆரம்பித்து, நெடுமங்காட்டில் பழைய தையல் கடைகள் ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். கிடைத்த மணிகளை அம்மா வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, "இது என்ன நிறம், சொல்லு பார்ப்போம்" என்று என்னைக் கேட்பாள். மயில்கழுத்து, மாதுளை, பாசி என்று உளறாமல் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பரீட்சை போதாதென்று லீவிலும் பரீட்சை. தப்பாகச் சொன்னால் என்ன ஆகுமோ என்று மணியை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். எல்லாம் வாங்கி முடித்த பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல் ஊசியைக் கேட்பாள். கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். நான் மறுபடியும் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

வித்துராவுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்த ஒருவர், அப்போதுதான் சாமி படத்துக்கு விளக்கேற்றி ஊதுபத்தி சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா கேட்டதும் மேல்தட்டை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு பாக்கெட் எங்கயாவது கிடக்கும் தாயி. ஆனா வெளக்கு வச்சாச்சுல்லா. இனிமே ஊசி எடுத்துக் குடுக்க மாட்டேன். காலையில வாங்க."

மாமா விடவில்லை. "அண்ணாச்சி, ஊசின்னு நினைக்க வேண்டாம். பொத்தானோட சேர்த்துப் பொதிஞ்சு தாங்க, போதும்."

"பொத்தானுக்குள்ள இருந்தா மட்டும் அது ஊசி இல்லேன்னு ஆயிருமா?"

அம்மா மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் எப்படி வாதாடுவாள்? விளக்கு வைத்த பிறகு ஊசி கேட்டு வரும் பக்கத்து வீட்டு அக்காவை இதே வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்புகிறவள் அவள்தானே.

கல்லாற்றங்கரையில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். மாமாவின் காரவனில் ஆள் படுத்த முதல் ராத்திரி அது. அவர் சுகமாகக் குறட்டை விட்டார். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பாக்கெட் அங்கே இல்லாவிட்டால்? காலையில் வேறு யாராவது முந்திக்கொண்டால்? ஊசிக்காக விடிகாலையில் வித்துராவில் யார் வரப்போகிறார்கள் என்று இப்போது கேட்கலாம். அன்று எனக்கு உலகமே அந்தக் கடையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

காலையில் போனால் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா டீ வாங்கிக் கொடுத்தார். வெயில் கடைவாசலுக்கு வந்த பிறகுதான் அண்ணாச்சி வந்தார், நெற்றி நிறைய விபூதியோடு. முதல் வேலையாக ஸ்டூல் போட்டு ஏறி, தூசியும் இருமலுமாக ஒரு கறுப்புத் தாள் பொட்டலத்தை எடுத்தார். பாதி ஊசிகள் துருப்பிடித்திருந்தன. அம்மா ஒவ்வொன்றாக விரலால் தடவி நல்லதைப் பிரித்தாள். பிறகு நூலை இழுத்துப் பிடித்து ஊசித்தலையில் வைத்து அழுத்தினாள். 'டிக்' என்றது. நூல் அறுபடவில்லை. அவள் ஊசியைப் பார்க்கவே இல்லை. எதிர்த்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கைதட்டினேன். வாய் ஓயாத மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்ணாச்சியிடம் காசை எண்ணிக் கொடுத்தார்.

"இனி உனக்கு ஜோலி குறைஞ்சுது. காலையில ஓடி விளையாடலாம், என்ன?" என்றாள் அம்மா. மெஷின் பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் வேலையை விட்டு நீக்கிவிட்டதுபோல் எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

அதன் பிறகு மாமா வீட்டுக்குத் திரும்புவார் என்று பார்த்தால், அம்மா பொன்முடிக்குப் போகச் சொன்னாள். ஒரு தடவை நன்றாகப் பார்க்க வேண்டுமாம். கொண்டைஊசி வளைவுகளில் கயிறு என் கையை அறுத்தது. அம்மாவும் சேர்ந்து பிடித்துக்கொண்டாள். மேலே போய் இறங்கினால் ஒரே பனி. மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. பக்கத்தில் நின்ற மாமாவின் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"ஒண்ணுமே தெரியலையே அம்மா!"

அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இப்படித்தாண்டி இருக்கு" என்றாள், மெதுவாக.

இத்தனை தூரம் வந்து ஏமாந்துபோனாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பெரிய மனுஷிபோல் அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

"கொஞ்சம் பொறும்மா. வெயில் வந்தா எல்லாம் சரியாயிடும்."

"ஆகட்டும்" என்றாள் அம்மா.