பேச்சு நின்றுபோன வீடு

எங்கள் ஜீவனஹள்ளி வீட்டில் நாலு பேர். என் தங்கை மகள், அவள் புருஷன், எல்.கே.ஜி. படிக்கும் அவர்கள் குழந்தை, நான். அவர்கள் வேலைக்குப் போனபிறகு குழந்தையைப் பார்த்துக்கொள்வது நான்தான். அம்மாவைப் பார்த்து அவளும் என்னைப் பெரிம்மா என்றே கூப்பிடுவாள்.

ஸ்கூலில் சேர்த்த அன்று, வீட்டில் இங்கிலீஷே பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சாயங்காலமே தங்கை மகள் என்னிடம் வந்தாள்.

"பெரிம்மா, கோச்சிக்காதீங்க. நீங்க தமிழ்ல பேசினா அவ எல்லாத்தையும் கலந்துடறா. கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

அஞ்சாவது படித்தவளுக்கு எங்கே இங்கிலீஷ்? நானோ கூச்சக்காரி. வாயை மூடிக்கொண்டேன். பால் டம்ளரைத் தூக்கிக் காட்டுவேன், குடிப்பாள். ஷூவைக் காட்டுவேன், மாட்டிக்கொள்வாள். போகப் போக அவளும் எல்லாவற்றுக்கும் கையைக் காட்டினாள். சமத்து என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் மிஸ் தங்கை மகளைக் கூப்பிட்டு அனுப்பினார். குழந்தை வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். பாத்ரூம் போகணும் என்றுகூடக் கேட்காமல் யூனிஃபார்மை நனைத்துக்கொள்கிறாளாம். காதை டாக்டரிடம் காட்டுங்கள், மார்ச் ஓரல் பரீட்சையில் பேசாவிட்டால் மறுபடி எல்.கே.ஜி.தான் என்றாராம்.

குழந்தையின் முதுகுப்பக்கம் நின்று தட்டைத் தட்டினேன். திரும்பினாள். அப்போதும் மனசு ஆறவில்லை, இன்னொரு தரம் தட்டினேன்.

காது டாக்டரம்மா மெஷின் வைத்துப் பார்த்தார்.

"காது சூப்பரா இருக்கு. வீட்ல இவகூட ஜாஸ்தி இருக்கறது யாரும்மா?"

தங்கை மகள் என்னைக் காட்டினாள்.

"நீங்க இவகிட்ட என்ன பேசுவீங்க?"

ஒன்றுமில்லை என்று கையை விரித்தேன். பக்கத்தில் குழந்தையும் அப்படியே விரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"எந்த பாஷைன்னாலும் சரி, பேசுங்க. கேள்வி கேட்டா அவ பதில் சொல்ற வரைக்கும் இருங்க."

ஆட்டோவில் தங்கை மகள் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். கோபம் என்மேலா, தன்மேலா, தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு ஊறவைத்த அவரைக்கொட்டையோடு சமையல்கட்டில் உட்கார்ந்தேன். குழந்தை வந்தாள்.

"ரெண்டு விரல்ல அமுக்கு பாப்பா, என்ன ஆவுதுன்னு பாக்கலாம்." என் குரலே எனக்குப் புதுசாக இருந்தது.

அமுக்கினாள். பருப்பு தோலைவிட்டுத் துள்ளி, கேஸ் சிலிண்டருக்கு அடியில் ஓடியது. கையை நீட்டிக் காட்டினாள். எடுத்துக் கொடுக்க எழுந்தவள், உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க போச்சு?"

உள்ளே தங்கை மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தமிழ் காதில் விழுந்தால் என்ன சொல்வாளோ என்று உள்பக்கம் எட்டிப் பார்த்தேன். இருந்தும் காத்திருந்தேன்.

"ஓடிடுச்சு" என்றாள் குழந்தை. கொஞ்சம் பொறுத்து, "பெரிம்மா, அது ஏன் சட்டைய கழட்டிட்டு ஓடுது?"

தங்கை மகள் வந்து நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எங்களோடு தரையில் உட்கார்ந்து ஒரு கை கொட்டையை அள்ளினாள்.

"குளிக்கப் போவுதோ என்னவோ. நீ என்னடி நினைக்கிற?"

மார்ச் ஓரல் கிட்டே வந்துகொண்டிருந்தது. அந்தப் பயம் போகவில்லை. குழந்தை யோசித்தாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.