நான்காவது திரையில் அக்கா

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்ததை, நடந்த நேரத்தோடு எழுதுகிறேன். பேய் நள்ளிரவில்தான் வரும் என்பதெல்லாம் சும்மா. எனக்கு வந்தது மாலை ஏழு மணிக்கு.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சின்ன கம்பெனியில் இரவு ஷிஃப்ட்டில் சேர்ந்திருந்தேன். நான்கு ஊர்களில் நான்கு உள்ளூர் சேனல்கள். நான்கையும் ஓட்டுவது ஜன்னல் இல்லாத ஒரே அறை. செய்தி வாசிப்பதும் ஒரே ஆள், என் அக்கா. மற்ற மூன்று பேரையும் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரே செய்தியை ஊர்ப் பெயரையும் போட்டிருக்கும் கோட்டின் நிறத்தையும் மாற்றி நான்கு முறை வாசிப்பாள். அதை முன்பே பதிவு செய்து, ஏழு மணிக்கு ‘நேரலை’ என்று போட்டு நான்கையும் ஒன்றாக ஓட்டுவோம்.

அன்று பகல் ஷிஃப்ட் ஆள் வரவில்லை. பதிவு செய்ததும் நான்தான். 6:35க்கு முடிந்தது. மஞ்சள் கோட்டைக் கழற்றி என் மேல் எறிந்தாள்.

“நாலு ஊருக்கும் ஒருத்தியே வாக்கப்பட்ட மாதிரி இருக்குடா.”

“நாலுல எவன் நல்லவன்?”

“மஞ்சக் கோட்டுக்காரன். அவன்தான் கடைசி. அதோட வீட்டுக்கு விட்டுடுவான்.”

6:50க்கு ஸ்கூட்டரில் கிளம்பினாள்.

7:00. நான்கு திரைகளிலும் அக்கா. நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள். வாசிக்கும் வேகம் ஒன்று என்பதால் நான்கு உதடுகளும் ஏறக்குறைய சேர்ந்தே அசையும். ஒலியை ஒரு திரைக்கு மட்டும் வைத்துக் கேட்போம்.

7:03. மஞ்சள் அக்கா வாயை மூடினாள். மற்ற மூவரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பதிவின்போது அவள் எங்குமே நிறுத்தவில்லை...

7:04. மறுபடி வாசித்தாள். உதடுகள் வேறு மாதிரி அசைந்தன. கோட்டின் ஒரு தோள் கறுத்து நனைந்திருந்தது.

அந்தக் கோட் என் நாற்காலியில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரமில்லை.

நான்காவது திரையின் ஒலியைக் கூட்டினேன்.

“...மேம்பாலத்தில் ஸ்கூட்டர் மீது லாரி மோதியதில், நமது செய்தி வாசிப்பாளர் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்...”

அக்காவின் குரல்தான். இமைக்கவே இல்லை.

அவள் வீட்டுக்குப் போகும் வழி அந்த மேம்பாலம். என் அறையில் ஒலியை அணைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

“என்னடா? வண்டி ஓட்டிட்டிருக்கேன்.”

“எங்க இருக்க?”

“மேம்பாலத்துல.”

“நிறுத்து. ஓரமா நிறுத்துக்கா.”

“சரியா கேக்கலடா... இரு...”

ஹார்ன்.

நீளமாக...

டயர் தேயும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

நிமிர்ந்தேன். மூன்று திரைகளில் அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள். நான்காவதில் காலி நாற்காலி.

வேலையை விட்டுவிட்டேன். கணக்கை முடிக்கப் போன அன்று, நான் எடுத்த பதிவைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் கோட்டில் அக்கா வழக்கமான செய்திகளை வாசித்து முடிக்கிறாள். ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஒளிபரப்பானதையெல்லாம் தானாகச் சேமிக்கும் கணினி ஒன்று அங்கே உண்டு. நான் ஒலியை அணைத்த பிறகு அவள் சொன்ன மீதி அதில் இருந்தது.

“...வண்டி ஓட்டும்போது வந்த போனை எடுத்ததே விபத்துக்குக் காரணம். அழைத்தவர் அவருடைய தம்பி.”

அதை அவள் சொல்லி முடித்த நேரம் 7:04:51.

நான் அவளை அழைத்த நேரம் 7:05.