கண்ணீர் வராத எங்கள் அக்கா கல்லடிப் பாலம் வரை நடந்த கதை

அக்கா காலமாகி முப்பத்தோராம் நாளில் வெளிவரும் இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொன்னபோது, எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று மறுத்தேன். அத்தான் விடவில்லை. "நீதான் எழுதணும் மச்சான். நடந்தத நடந்தபடி எழுது" என்றார். அப்படியே எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா தேற்றாத்தீவில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, அம்மாவோடு சேர்ந்து தோட்டம் செய்தார். மிளகாயும் வெங்காயமும் விற்று என்னைப் படிக்க அனுப்பினார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அது அக்காவின் குற்றமல்ல. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு அக்காவுக்குச் சீதனமாகி, அத்தான் அங்கே வந்து சேர்ந்தார். நான் கல்யாணம் முடித்து, கரடியனாற்றில் மனைவி வீட்டோடு தங்கி வயல் செய்யத் தொடங்கினேன். ஆகவே படுக்கையில் கிடந்த அம்மாவைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் அக்காதான். நான் மாதத்துக்கு ஒருமுறை பழத்தோடு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும் மகன்.

அம்மா காலமான அன்று, பெண்கள் கூடியிருந்து ஒப்பாரி வைக்க, அக்கா மட்டும் அம்மாவின் தலைமாட்டில் சிவந்த, வறண்ட கண்களோடு இருந்தார். போதாக்குறைக்கு, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர்ப் போத்தலை எடுத்து வாயில் வைத்தார். பிரேதம் எடுக்கும்வரை அடுப்பே மூட்டாத ஊர் எங்களுடையது. அப்பாவின் தங்கையான மாமிக்குப் பொறுக்கவில்லை.

"தாய் கிடக்கிறா, இவ போத்தலத் தூக்குறா. கண்ணில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கல்நெஞ்சுக்காரி! எழும்பிப் போ அங்கால."

நான் மாமியைத் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமல்ல, "அம்மாவப் பாத்துப் பாத்து உனக்குச் சலிச்சுப் போச்சா அக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"அழுறன்டா தம்பி. தண்ணிதான் வருதில்ல" என்றார் அக்கா. அதை நான் தப்பிக்கச் சொல்லும் சாட்டு என்று நினைத்தேன். அதன் பிறகு நான்கு வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஊரிலும் அக்காவை நல்லது கெட்டதுக்கு அழைப்பது குறைந்துபோயிற்று.

அந்த நான்கு வருடத்தில் அக்காவின் பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாயின. விரல் மூட்டுகள் வீங்கின. தண்ணீர் இல்லாமல் ஒரு பிடி சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. கண்ணுக்கு ஒரு வைத்தியர், பல்லுக்கு ஒரு வைத்தியர் என்று அலைந்து, கடைசியில் ஒரு வைத்திய நிபுணரிடம் போனார். அவர் மெல்லிய கடதாசித் துண்டொன்றை அக்காவின் கீழ் இமைக்குள் செருகி, கண்ணை மூடச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தபோதும் கடதாசி நனையவில்லை. அது ஷோகிரன் என்னும் நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கண்ணீரும் உமிழ்நீரும் சுரக்கும் சுரப்பிகளைத் தாக்கிக் கெடுக்குமாம். முற்றாகச் சுகமாக்க முடியாது, மருந்தோடு காலம் தள்ளலாம் என்றாராம்.

அடுத்த கிழமையே அக்கா பஸ் ஏறிக் கரடியனாற்றுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே வைத்தியரின் கடிதத்தை என்னிடம் நீட்டினார். வாசித்துவிட்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா மறித்தார்.

"மன்னிப்பெல்லாம் பிறகு கேளு. இப்ப நீ வயல் உழுற லேண்ட்மாஸ்டர் பெட்டியோட வேணும். ஊரில இருந்து கல்லடிப் பாலம் மட்டும் நடக்கப் போறன். நடக்கிற ஆக்களுக்குத் தண்ணி ஏத்தி வரணும்."

"என்னத்துக்கு அக்கா இந்த நடை?"

"இப்பிடியொரு வருத்தம் இருக்கெண்டு சனத்துக்குத் தெரியணும். என்னச் சொன்னது போகட்டும். இன்னொருத்திய செத்த வீட்டில இருந்து எழுப்பி விடக்கூடா."

கடற்காற்றும் றோட்டுத் தூசியும் கண்ணுக்குக் கூடாது என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். அதற்கென்று பெரிய கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டார். "சினிமாவில நடிக்கப் போறா" என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் பிறகு கூடவே நடந்தார்கள். முதல் நாள் காலை புதுக்குடியிருப்பு வரை, அடுத்த நாள் கல்லடி வரை. லேண்ட்மாஸ்டர் பெட்டியில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி, மாட்டு வண்டி வேகத்தில் நான் பின்னால் போனேன். காத்தான்குடியில் ஒரு புடைவைக் கடை முதலாளி எல்லோரையும் மறித்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவருடைய மனைவி அக்காவின் கையைப் பிடித்து, "எனக்கும் கண்ணுக்குள்ள மண் விழுந்தாப்போலதான். சொன்னா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல" என்றார். "நான் நம்புறன்" என்று சொல்லி, தான் மருந்தெடுக்கும் கிளினிக் நடக்கும் நாளைத் துண்டில் எழுதிக் கொடுத்தார் அக்கா. அதைப் பார்த்தபோது, இவர் என் அக்கா என்று றோட்டால் போன எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு.

கல்லடியில் சனம் கூடி நின்றது. மைக்கைப் பிடித்த அக்காவுக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேச்சு வரவில்லை. மைக்கை என்னிடம் தள்ளிவிட்டார். வரம்பில் நின்று மாட்டை அதட்டுவதைத் தவிர எனக்கு மேடைப் பேச்சு ஏது? வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்கட அம்மாட செத்த வீட்டில இவவக் கல்நெஞ்சுக்காரி எண்டு சொல்லக்குள்ள பாத்துக்கொண்டு நிண்டவன் நான். இவ அழுதவ. எனக்குத்தான் விளங்கல்ல." பஸ்ஸில் வந்து கூட்டத்தில் நின்ற மாமி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு, "அத விடு. கிளினிக் எந்தக் கிழமை எண்டு சொல்ல மறந்திட்டாய்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நடந்தார். நடையின்போது சனம் கொடுத்துச் சேர்ந்த பணமெல்லாம், வாங்க வசதியில்லாதவர்களின் கண் சொட்டு மருந்துக்குப் போனது. போன வருடம் நோய் நுரையீரலுக்கும் இறங்கிவிட்டதால் நடக்க முடியவில்லை. லேண்ட்மாஸ்டர் பெட்டியில் கதிரை போட்டு ஏறியிருந்து வந்தார். "இதுவும் நடையா அக்கா?" என்று சீண்டினேன். "சில்லு நடக்குது தானே, நீ ஓட்டு" என்றார். இந்த வருட நடைக்கு முன்பே, தன் வீட்டில், அத்தானின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினார். அவருக்குத் தம்பியாகப் பிறந்தது எனக்குப் பெருமை.

அக்காவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அவரோடு நடந்தவர்களுக்கும், துக்கத்தில் சோறும் தேநீரும் கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும், எட்டாம் நாள் வரை எங்களோடு தங்கிய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

அக்காவின் செத்த வீட்டுக்கு வந்தாறுமூலையில் இருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். அக்காவோடு கிளினிக்குக்குப் போனவராம். எங்களில் எவருக்கும் அவரைத் தெரியாது. எல்லோரும் கதறிக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை மட்டும் காய்ந்த கண்களோடு தலைகுனிந்து இருந்தது. கைப்பைக்குள் இருந்த போத்தலைத் தொடுவதும், சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை எடுப்பதுமாக இருந்தது. எண்பது வயது கடந்த மாமி அதைக் கண்டுவிட்டார். சுவரைப் பிடித்து எழும்பிப் போய், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, போத்தலை எடுத்து மூடியைத் திறந்து கையில் கொடுத்தார்.

"குடி மகள். நீ அழுறாய் எண்டு எங்களுக்குத் தெரியும்."