வல்லூற்றின் மரத்துக்கு மூன்று கிழமை

புதுக்குடியிருப்புச் சந்தியில் மழைக்குள் மாட்டுப்பட்டு ஸ்கூட்டியை நிறுத்தினேன். என் மூச்சு ஹெல்மெட் கண்ணாடியில் ஆவியாகப் படிந்து, முன்னால் நின்ற பஸ் மறைந்துபோனது. சூடான பிளாஸ்டிக்கும் வியர்வையும் கலந்த அந்த மணம் இருக்கிறதே, அது என்னை நேரே தண்ணீரூற்றுப் பக்கத்துக் காட்டுக்குள் கொண்டுபோய் முழங்காலில் இருத்திவிட்டது.

போர் முடிந்தபிறகு, மிதிவெடி அகற்றுவதுதான் என் முதல் வேலை. பல்லி இருந்தால் சமைக்கக்கூடக் குசினிக்குள் கால் வைக்காதவள் நான். அம்மா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. முகத்தை மூடிய கண்ணாடியோடு முழங்காலில் இருந்து, ஒரு மீற்றர் அகலப் பாதையில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னேற வேண்டும். இரண்டு பக்கமும் சிவப்புத் தடிகள். அதற்கு அப்பால் ஒரு கால்கூட வைக்கக் கூடாது. என் வேகத்தைக் கண்டால் ஆமையும் சிரித்திருக்கும்.

பாதைக்கு நேரெதிரே, இருபது காலடித் தூரத்தில், ஒரு பாலைமரம். அதில் வல்லூறு ஒன்று கூடு கட்டியிருந்தது. புறாவளவுதான். நெஞ்சில் செம்மண் நிற வரிகள், நீண்ட மஞ்சள் கால்கள். முதல் நாள் என்னைக் கண்டதும் விசில்போலக் கூராகக் கத்தியது. விசில் கேட்டால் எல்லாரும் இருந்த இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஆகவே அணி முழுவதும் சிலையாகிவிட்டது. பொறுப்பாளர் சுபா அக்காவின் விசிலோ அவவின் பொக்கற்றுக்குள் கிடந்தது.

பிறகு அது கத்தவில்லை. இவ்வளவு மெதுவாக அதனிடம் யாரும் வந்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நாளுக்கு ஒரு எட்டாக நெருங்கினேன், அது பொறுத்துக்கொண்டது. ஒருநாள் ஓணானைப் பற்றிக்கொண்டு எனக்கு மேலே, கையெட்டும் உயரத்தில் ஒரு கிளையில் வந்து இருந்தது. ஓணானைக் கண்டும் நான் ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அந்த மஞ்சள் கண்ணைப் பற்றி என்ன சொல்ல? கண்ணாடியில் ஆவி படிந்து அது மறைந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். இன்றுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மூன்றாம் கிழமை, கிட்டத்தட்ட இருபதாம் நாள், பாலையின் வேரடியில் மிதிவெடி இருந்தது. இருந்த இடத்திலேயே வெடிக்கவைக்க வேண்டும். மேலே கூட்டில் இரண்டு வெள்ளைக் குஞ்சுகள்.

“அக்கா, குஞ்சு பறக்கிறவரைக்கும் இதை விட்டிட்டு மற்றப் பாதையளை முடிப்பமே?”

“காணிக்காரர் ஓமெண்டால் சரி. ஆனா அவரிட்டக் கேக்கிறது நீதான்.”

காணிக்காரர் சலீம் நானா. இளந்தாரியாக இடம்பெயர்ந்து போய், தலை நரைத்துத் திரும்பி வந்தவர். ரமழான் நோன்புக்கு முன்னமே வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட வேண்டும் என்று தினமும் சைக்கிளில் வந்து எல்லைக் கயிற்றடியில் நிற்பார். அவரிடம் போய்க் குஞ்சுக்கதை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவழியாகச் சொன்னேன். அவர் கயிற்றடியில் நின்று மரத்தைப் பார்த்தார்.

“எழும்பிப் போ எண்டு சொன்னா எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. அதுகள் பறக்கட்டும்.”

பறந்தன. அதன்பிறகே வெடிக்கவைத்தோம். அந்த நோன்பை நானா தகரக் கொட்டிலில்தான் பிடித்தார்.

மழை விட்டதும் ஸ்கூட்டியை முல்லைத்தீவு றோட்டில் திருப்பினேன். நானாவின் வீட்டு முற்றத்தில் பேரப்பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிந்தார்கள். பார்க்க நெஞ்சு நிறைந்தது. பாலைமரம் நின்றது. அதில் உடுப்புக் காயப்போடும் கொடிகூடக் கட்டவிடாமல் வைத்திருக்கிறார்.

“ஒவ்வொரு வருசமும் பாக்கிறனான் பிள்ளை. அந்த வல்லூறு அதுக்குப் பிறகு வரேல்லை.”

சிவப்புத் தடிகள் நின்ற இடத்தால் நடந்தேன். அன்று மூன்று கிழமை எடுத்த மரத்தடிக்கு இருபதே எட்டில் வந்துவிட்டேன். அண்ணாந்து பார்த்தேன். இவ்வளவு வேகமாக நான் வந்தால் அது எப்படி அங்கே இருக்கும்?