கெங்கம்மாளின் ஜெபமும் நேர்ந்துவிட்ட ஆடும்

கெங்கம்மாளுக்கு ஞானஸ்நானத்தில் சாராள் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் சபைப் பதிவேட்டிலேயே சௌக்கியமாகத் தங்கிவிட்டது. ஊருக்கு அவள் கெங்கம்மாள்தான். மாதம் ஒரு முறை வண்டி கட்டிக்கொண்டு வருகிற பாதிரியார் மட்டும் "சாராளம்மா" என்று கூப்பிடுவார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று இவள் திரும்பியும் பார்க்க மாட்டாள்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் விரிஞ்சிபுரத்துக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் வீடுகள், ஓடு போட்ட ஒரு சின்ன ஆலயம், அவ்வளவுதான். ஆண்களில் பாதிப்பேருக்கு சர்தார் பாஷா சாயபுவின் ஷாப்பில் வேலை. தோலைச் சுண்ணாம்பில் போட்டு, மயிர் சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதனிடுகிற இடத்தை நாங்கள் ஷாப்பு என்போம். நான் சொல்வது 1928 வாக்கில். ஆம்பூரில் அப்போதே பத்திரிகை வாங்கிப் படிக்கிறவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கெங்கம்மாள் இருந்தாள்.

பாதிரியார் வராத வாரங்களில் ஆராதனை நடத்துகிறவர் எங்கள் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் அவர், "யாராவது ஒருத்தர் ஜெபம் பண்ணலாம்" என்பார். அவர் வாயை மூடுவதற்குள் பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து கெங்கம்மாள் எழுந்துவிடுவாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடுவாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! மேட்டு வூட்டு மருமவ கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போய்ட்டா. யாரு மேல தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். மாமியாளுக்கு வாய் ஜாஸ்தின்னு உமக்கே தெரியும். ஷாப்புல சுண்ணாம்புக் குழில எறங்கி எங்க ஆளுங்களுக்குக் காலெல்லாம் புண்ணு. சாயபு மனச எளகப் பண்ணும்..."

இப்படி ஊர் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் உட்காருவாள். திங்கட்கிழமை காலையில் சர்தார் பாஷா சாயபு மேஸ்திரியிடம் முதலில் கேட்பதே, "நேத்து கெங்கம்மா ஜெபத்துல நம்ம ஷாப்பு வந்துச்சா?" என்றுதான். வந்தது என்று தெரிந்தால் அன்று முழுக்க அவர் குரல் கொஞ்சம் தணிந்திருக்கும்.

கிணற்றடியில் ஒருத்தி வம்பு பேசினால் எதிர்த்துப் பேசலாம், இடுப்பில் கைவைத்துச் சண்டைக்கு நிற்கலாம். ஜெபத்தை எப்படி மறிப்பது? கண்ணை மூடிக் கைகட்டிக் கேட்க வேண்டும். முடிவில் ஆமென் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகின வாய், ஜெபம் முடிந்தால் ஆமென் தானாக வந்துவிடும். ஆமென் சொன்ன பிறகு அதை மறுத்துப் பேச எங்கள் சபையில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. நான் கள்ளுக்கடையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்ததை அவள் ஆண்டவரிடம் தெரிவித்த அன்று, என் மனைவி காதில் விழ, நானே வாய் நிறைய ஆமென் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

போய்க் கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும். "நான் யார்கிட்ட சொன்னேன்? ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்? நீ இன்னாத்துக்குக் காது குடுத்த?"

எனக்கு எரிச்சலோடு போயிற்று. எங்கள் சபையிலேயே இருக்கிற ஜெயம்மாளுக்கு அப்படிப் போகவில்லை. அவள் மகள் செல்லம்மாளைப் பெண் பார்க்க ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள் ஞாயிறு ஆராதனைக்கும் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததுண்டு, பிறகு வரவே இல்லை. கெங்கம்மாள் நல்ல மனதோடுதான், கண்ணில் நீர் வழிய, "அந்த வலிப்பு இனிமே செல்லம்மா கிட்ட வராம காத்துக்கும் ஆண்டவரே" என்று கேட்டாள். ஆற்காட்டுக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அந்த ஜெபத்துக்கு ஜெயம்மாளும் ஆமென் சொல்லியிருந்தாள். அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான். அன்றிலிருந்து கெங்கம்மாளோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி ஆட்டின் கதை. கெங்கம்மாளின் ஒரே மகள் சுந்தரி விஷ ஜுரத்தில் படுத்தாள். பிழைக்க மாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தோம். கெங்கம்மாள் ஆலயத்திலேயே விழுந்து கிடந்தாள். அவள் புருஷன் சின்னசாமி ஷாப்பில் தோல் சீவுகிறவன், அதிகம் பேசாதவன். அவன் யாருக்கும் தெரியாமல் கெங்கையம்மனுக்கு ஒரு கடாவை நேர்ந்துகொண்டான். பெண் பிழைத்தாள். கடாவை வெட்டியும் விட்டான். கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"உன் சாமி கேட்டுச்சோ, ஆத்தா கேட்டாளோ, எனக்குத் தெரியாது. பொண்ணு எழுந்து ஒக்காந்துட்டா. யாரையும் ஏமாத்த எனக்கு மனசு வர்ல" என்றான் சின்னசாமி.

வெட்டின ஆட்டை என்ன செய்வது? கெங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண் பிழைத்ததற்கு நன்றியாக அதை ஸ்தோத்திர விருந்தாக்கினாள். சபை முழுக்கச் சாப்பிட்டது. உபதேசியார் ஜெபித்து ஆரம்பித்து வைத்தார். என்ன ஆடு, எங்கே வெட்டியது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது. கறி மிகவும் நன்றாக இருந்தது.

அதோடு விட்டானா சின்னசாமி? தோலை வீணாக்க மனமில்லை. ஷாப்பில் சாயபுவிடம் கேட்டுக்கொண்டு அதைப் பக்குவமாகப் பதனிட்டான். ஆலயத்துப் பெரிய வேதாகமத்தின் அட்டையைக் கரையான் அரித்திருந்தது. அதற்கு உறை போடக் கொண்டுவந்து கொடுத்தான்.

"இது ஏது தோலு?" என்று கேட்டார் உபதேசியார்.

"ஆட்டுத் தோலுதாங்க ஐயா" என்றான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. விவரமானவர்.

சுந்தரி தேறி, பூரித்து, கல்யாணத்துக்கு நின்றாள். நெமிலிப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். பையன் நல்லவன், சம்பளக்காரன். அவன் அப்பா ஆசீர்வாதம் அந்த ஊர்ச் சபைக்கு மூப்பர். வண்டி முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டினதற்காக ஒருவனைச் சபையை விட்டே விலக்கி வைத்தவர். வருகிற ஞாயிறு குடும்பத்தோடு வந்து எங்களோடு ஆராதித்துவிட்டு, அன்றைக்கே நாள் குறிப்பதாக அவர் சொல்லி அனுப்பினார். ஆட்டின் சங்கதி அவர் காதுக்குப் போனால் சம்பந்தம் அன்றோடு சரி.

அந்த வாரம் நாங்கள் பார்க்காத காட்சியையெல்லாம் பார்த்தோம். கெங்கம்மாள் வீடு வீடாகப் போய், "யாரும் வாயத் தொறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினாள். என் வீட்டுக்கும் வந்தாள். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜெயம்மாள் வீட்டு வாசலில் மட்டும் வெகுநேரம் நின்றாள். உள்ளே போகாமல் திரும்பி வந்தாள்.

சின்னசாமி அவளிடம் சொன்னது ஒன்றுதான். "ஊரை நீ அடக்க வேணாம். அன்னிக்கி ஒரு நாளு உன் வாயை மூடிக்கினு இரு, போதும்." அவள் வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள். சுந்தரி முகத்தில் அந்த வாரம் சோறு இறங்கின களையே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

ஞாயிறு வந்தது. மூப்பரையே வேதபாடம் வாசிக்கச் சொன்னார் உபதேசியார். மூப்பர் உறையைத் தடவிப் பார்த்தார். "அருமையான பதம். யாரு வேலை?" என்றார்.

"எல்லாம் பொண்ணோட அப்பாதாங்க" என்று உபதேசியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். மூப்பர் முகம் மலர்ந்தது. வாசித்து முடித்தும் அவர் அங்கேயே, உறையின் மேல் கைவைத்தபடி நின்றார்.

மூப்பரையே ஜெபிக்கச் சொல்வதாக ஏற்பாடு. உபதேசியார் வாயெடுப்பதற்குள் பெண்கள் பக்கம் ஒரு புடவை சரசரத்தது. எழுந்தவள் ஜெயம்மாள். அவள் சபையில் வாய்விட்டு ஜெபித்து நாங்கள் கேட்டதே இல்லை.

"ஆண்டவரே" என்று தொடங்கினாள். "போன வருசம் சுந்தரி ஜுரத்துல கெடந்தா. அப்ப அவங்க அப்பா..."

அங்கே நிறுத்தினாள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். கெங்கம்மாள் இரண்டு கண்ணையும் திறந்து ஜெயம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபத்தில் அவள் கண் திறந்திருந்தது அன்றுதான். ஜெயம்மாளும் அவளைப் பார்த்தாள். அம்மா பக்கத்தில் செல்லம்மாள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"...அவங்க அப்பா பட்ட பாடு உமக்குத் தெரியும்" என்றாள் ஜெயம்மாள். "பொண்ணப் பெத்தவங்க பாடு உமக்குத் தெரியும். அவளுக்கு நல்ல வாழ்க்கை குடும். ஆமென்."

நாங்கள் ஆமென் சொன்ன சத்தத்தில் ஓட்டிலிருந்த புறாக்கள் பறந்தன. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முடிந்திருக்கும். ஆனால் கெங்கம்மாளின் நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சத்தியமும் மறந்தது, சம்பந்தியும் மறந்தது. எழுந்துவிட்டாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஜெயம்மா வாயக் காத்தீரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம்! அவ பொண்ணு சங்கதிய நான் போட்டு ஒடச்சேன். அவ நெனச்சிருந்தா என் சங்கதிய இன்னிக்கி ஒடச்சிருக்கலாம். எங்க வூட்டுக்காரு கெங்கையம்மனுக்கு ஆடு நேந்துக்கினத அவ சொல்லல ஆண்டவரே! நாங்க அல்லாரும் அதத் துன்னத சொல்லல. உபதேசியாரு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கனத சொல்லல. அந்தத் தோலத்தான் வேதபுத்தகத்துக்குப் போட்டுக்கீதுன்னு ஒரு வார்த்த சொல்லல! எம்மாம் பெரிய மனசு அவளுக்கு..."

சின்னசாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அப்போதுதான் கெங்கம்மாளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. "ஐயோ" என்றாள். ஆனாலும் நடுவில் நிறுத்த அவளுக்குத் தெரியாது.

"என் வாய மன்னியும் ஆண்டவரே. என் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. இந்தக் கல்யாணத்த நீரே நடத்திக் குடும்" என்று அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

ஆமென் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. அப்போது முன்பக்கமிருந்து கனத்த குரல் ஒன்று "ஆமென்" என்றது. மூப்பர்தான். ஆயுசு முழுக்க எல்லா ஜெபத்துக்கும் முதலில் ஆமென் சொல்லிப் பழகின மனிதர். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று விழித்தார். அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்குள் சபை முழுக்க ஆமென் என்று கத்தினோம். நான்தான் பலமாகக் கத்தினேன்.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் உறையையே பார்த்துக்கொண்டு நின்றார். உபதேசியாருக்கு வேர்த்துக் கொட்டியது. "உறைய மாத்திடலாங்க ஐயா" என்றார்.

மூப்பர் சுந்தரியைப் பார்த்தார். அந்தப் பெண் சுவரோடு சுவராக ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள். "இன்னா பண்றது, ஆமென்னு சொல்ட்டேனே" என்றார் ஏமாந்துபோனவர் குரலில். "தை மாசம் வெச்சிக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்ட்டேன். விருந்துக்கு ஆடு சந்தைல நானே பாத்து வாங்கியாருவேன்."

அப்படியே வாங்கிவந்தார். கல்யாணமும் நடந்தது. உறையை மட்டும் இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு உபதேசியார் வழக்கம்போல யாராவது ஜெபிக்கலாம் என்றார். கெங்கம்மாள் எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம், ஒரு வாரத்துச் செய்தி பாக்கி இருந்தது. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றாள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து செல்லம்மாள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

என்ன கேட்டாள் என்பது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. முதல் ஆமென் ஜெயம்மாள் சொன்னாள்.