தூக்குப்போணியில் போன மாத்திரை

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று உறுதியானபோது, பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் அவளைப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்கள். உடம்பு பருத்தவர்களுக்கு வருகிற நோய் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. அவளும் பருமன்தான். ஆனால் அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் முதல் உரிமை எனக்குத்தான். தக்கலையில் என் பெயிண்ட் கடையில் நான் உட்கார்ந்துவிட்டால் எனக்குப் பின்னாலிருக்கும் சரக்கு யாருக்கும் தெரியாது. கொஞ்சம் எழும்புங்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டு, கண்ணில் பட்ட நிறத்தையே வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் நீல வீடுகள் அதிகமாக இருப்பதற்கு நானும் ஒரு காரணம்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தன் நோயைவிட அவள் அதிகம் பயந்தது வேறொன்றுக்கு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பது வயதில் அவளுக்கு மாதவிடாய் நின்றது. அதோடு நிம்மதியும் நின்றது. சோறு பரிமாறிக்கொண்டிருப்பாள், திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். மார்கழிக் குளிரில்கூட ஜாக்கெட் நனைந்துவிடும். "இஞ்ச பாருங்கோ, என்னத் தூக்கி அடுப்புல வச்ச மாதிரி இருக்கு" என்பாள். நான் விசிறியை எடுத்து வீசுவேன். பத்து வீச்சுக்குள் எனக்கு மூச்சு வாங்கும். அவள் விசிறியைப் பிடுங்கி எனக்கு வீசத் தொடங்குவாள்.

நாகர்கோவிலில் ஒரு பெண் டாக்டர் அவளைப் பரிசோதித்து ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச காலத்துக்குத்தான், வருஷத்துக்கு ஒருமுறை வந்து மார்பைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், தொடரலாமா வேண்டாமா என்பதை அப்போது பார்ப்போம் என்று தெளிவாகவே சொன்னார். மாத்திரை நன்றாகக் கேட்டது. சூடு தணிந்தது, உறக்கம் வந்தது, என்னைத் திட்டுவதற்கான தெம்பும் திரும்ப வந்தது. அப்புறம் அவள் மாத்திரையை விடவில்லை, டாக்டரை விட்டுவிட்டாள். என் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் எங்கள் முகத்தைக் கண்டதும் அட்டையை எடுத்து வைத்துவிடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின.

அவளுக்கு ஒரு தங்கை. இரணியலில் கட்டிக்கொடுத்திருந்தது. ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். தங்கையின் வீட்டுக்காரருக்குத் தக்கலையில்தான் வேலை. அவருடைய ஸ்கூட்டரில் தொங்கி ஒரு தூக்குப்போணி இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து சாளைக் கறி வரும், இங்கிருந்து எரிசேரி போகும். கறி வந்த பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்பி அனுப்புவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி கறிவேப்பிலையாவது போட்டு அனுப்ப வேண்டும்.

ஒருநாள் கறியோடு போனில் ஒரு சேதியும் வந்தது. தங்கைக்கும் அதே சூடு, அதே வியர்வை. அன்றைக்குப் பார்த்து எங்கள் அடுக்களையில் அனுப்புவதற்கு எதுவும் இல்லை. என் மனைவி ஒரு மாத்திரை அட்டையைக் காகிதத்தில் பொதிந்து போணிக்குள் வைத்தாள். "எனக்குக் கேட்டுதுல்லா, அவளும் தின்னு பாக்கட்டு" என்றாள். அக்காவின் சேலை தங்கைக்குப் பொருந்தும், அக்காவின் கம்மல் பொருந்தும், மாத்திரை மட்டும் பொருந்தாதா? அதன்பிறகு மாதாமாதம் அட்டை போனது. மாத்திரை மட்டும் போனால் நன்றாயிருக்காது, இரண்டு முறுக்கும் வை என்று யோசனை சொன்ன அறிவாளி நான்தான். தங்கையை எந்த டாக்டரும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

கட்டியைக் குளிக்கும்போது என் மனைவியே கண்டாள். திருவனந்தபுரத்துக்குப் போனோம். அங்கே டாக்டர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது மாத்திரை விஷயம் வெளியே வந்தது.

"எனக்கு இது தடிச்சதாலயா வந்தது, மாத்திரையாலயா?" என்று இவள் நேராகக் கேட்டாள்.

டாக்டர் பொறுமையானவர். அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஓய்ந்துவிட்டாலும், உடம்பின் கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கொழுப்பு கூடினால் அதுவும் கூடும். மார்பில் வரும் பல கட்டிகளுக்கு அது தீனி. இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரையை வருஷக்கணக்கில் தின்றால் அதனாலும் ஆபத்து கூடும், நிறுத்தினால் பையக் குறையும். அவஸ்தை தாங்காதவர்களுக்கு அது தேவையான மருந்துதான்; டாக்டரின் கண்பார்வையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண்ணை எதிரே உட்காரவைத்து, உனக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. பருமனும் இல்லாமல் மாத்திரையும் தின்னாமல் வந்தவர்கள் வெளியே நிறையப்பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவள் அதிலெல்லாம் காது கொடுத்த மாதிரி தெரியவில்லை. "அப்ப ஒல்லியா இருக்கவ தின்னா ஒண்ணுஞ் செய்யாதுல்லா டாக்டர்?" என்றாள்.

"அப்படி இல்லம்மா. தடிச்சவங்க உடம்புல ஏற்கெனவே அந்த ஹார்மோன் இருக்கதால, மாத்திரை கூட்டுறது அவ்வளவாத் தெரியாது. ஒல்லியானவங்களுக்குத்தான் மாத்திரையால கூடுறது நல்லாத் தெரியுது. ஏன் கேக்குறீங்க?"

இவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். திரும்பும் வழியில் கார் களியக்காவிளையைத் தாண்டியது. அப்புறம் என் கையைப் பிடித்தாள். "நானாக்கும் குடுத்தேன். எங் கையால பொதிஞ்சு குடுத்தேன்." அத்தனை நாளில் அவள் குரல் நடுங்கி அப்போதுதான் கேட்டேன்.

அன்றைக்கே போன் செய்து மாத்திரையை நிறுத்தச் சொன்னாள். தங்கை நிறுத்திவிட்டாள். ஆனால் மார்பைப் படம்பிடிக்கும் மேமோகிராம் எடுக்க வரமாட்டேன் என்றாள். நிறுத்தியாச்சு, பொறவென்ன என்றாள். இவள் நாள்தோறும் கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் என்னைத் தூது அனுப்பினாள். இரணியலுக்கு நான் போனேன். என் எடைக்கு அந்த வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி தாங்காது என்று தங்கையே ஒரு மர பெஞ்சை இழுத்துப் போட்டாள்.

"அத்தான், எனக்கு எதுக்காக்கும் அந்தப் படம்? அங்க கட்டி வாறதுக்கும் கொஞ்சம் எடம் வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூதன் சிரித்தால் தூது என்ன ஆகும்? சமாளித்துக்கொண்டு, டாக்டர் ஒல்லியானவர்களைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"அது இல்ல அத்தான். போய்ப் பாத்து, எனக்கு வந்துருக்குன்னு வைங்கோ. நான் குடுத்ததால வந்துதுன்னு அக்கா அந்த வெப்ராளத்துலயே செத்துருவா. வரல்லன்னு வைங்கோ. அவ அப்பிடிக் கெடக்கையில, எனக்கு ஒண்ணுமில்லக்கான்னு எந்த மொகத்த வச்சுக்கிட்டு போய் நிப்பேன்? ரெண்டுக்கும் என்னால ஆவாது. தெரியாமலே இருக்கட்டு."

கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அவள் சொன்னதை வீட்டில் அப்படியே சொல்லவில்லை. வேலை மும்முரமாம் என்றேன். முப்பது வருஷம் என்னோடு இருந்தவள் அதை நம்பவில்லை.

அடுத்த மருந்து ஏற்றுகிற நாள். வாசலில் கார் நின்றது. முடியெல்லாம் கொட்டிப்போயிருந்த தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலையும் உடுத்தி, என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ வராம நான் போவல்ல."

"நீ போகல்லன்னா உனக்கு வச்சிருக்க ஊசிய எனக்குப் போட்டிருவாங்கட்டி. எனக்கு நரம்பு தேட ஜேசிபியில்லா கொண்டு வரணும்?"

"சும்ம கெடங்கோ. எனக்கு இப்பம் சிரிப்பு வரல்ல."

டிரைவர் இரண்டுமுறை ஹாரன் அடித்தார். நான் உள்ளே போய்த் தங்கையின் வீட்டுக்காரருக்குப் போன் செய்து நடப்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வீட்டில் உடுத்தியிருந்த சேலையோடு தங்கை இறங்கினாள். மீன் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை, வாடை அடித்தது.

"ஏட்டி அக்கா, எழும்பு. காருல ஏறு. நானும் வாறேன், தொல."

"படம் எடுப்பியா?"

"எடுக்கேன்னு சொன்னேன்லா. எழும்புட்டி."

இருவரும் பின்சீட்டில் ஏறினார்கள். நான் முன்னால் ஏறியதும் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மற்ற நாளென்றால் அக்காளும் தங்கையும் சேர்ந்து என்னை உரித்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒருத்திக்கு மருந்து ஏறத் தொடங்கியது, இன்னொருத்தியைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். பிற்பகலில் டாக்டர் தங்கையையும் என்னையும் கூப்பிட்டார். படத்தில் ஒன்றுமில்லை. மாத்திரையை இனி டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். அக்காவுக்கு வந்திருப்பதால் வருஷா வருஷம் வந்துவிட வேண்டும்.

நான் சந்தோஷத்தில் மனைவி இருந்த அறைக்கு வேகமாக நடந்தேன். என் வேகம் என்பது மற்றவர்களுக்கு உலாவல். திரும்பிப் பார்த்தால் தங்கையைக் காணோம். வராந்தாவின் கடைசியில், தண்ணீர்க்குழாய்க்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேதியைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு மனுஷி அப்படி நின்றதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கூப்பிட்டேன், வரவில்லை. கடைசியில் என் மனைவியே, ஊசி குத்திய கையை அசைக்காமல், திறந்திருந்த கதவு வழியாகச் சத்தம் போட்டாள்.

"ஏட்டி, அங்க நிண்ணு என்ன செய்யுத? உள்ள வா."

வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"வாயத் தொறயேன் மக்கா. இருக்கா?"

"இல்லக்கா." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிரு, அக்கா" என்று தேம்பினாள்.

"பைத்தியமாட்டி ஒனக்கு?" என்று இவள் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். மெலிந்துபோன கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்பாடா. அப்பம் இது என்னோட நிக்கட்டு."

அதைச் சொல்லி முடித்தபிறகுதான் இவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து தனக்காக அழாதவள், தங்கையைப் பற்றிய பயம் தீர்ந்ததும் தன்னுடையதை எடுத்து அழுதாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி இருவரையும் தேற்றலாம் என்று வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்காரவும் தைரியமில்லை, கட்டில் தாங்காது. நின்றுகொண்டே இருந்தேன்.

என் மனைவியின் நோய் எலும்புக்குப் போயிருந்தது. அடுத்த ஆடியில் அவள் இறந்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை தங்கையைத் திருவனந்தபுரத்துக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். இந்த வருஷமும் போனோம். உள்ளே போய்விட்டு வந்தவள், ஆஸ்பத்திரி வாசலில் என் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணுமில்லியாம் அத்தான்" என்றாள். சாவுச் சேதி சொல்லுகிற குரல் அது. நானும் சரி என்று தலையாட்டினேன்.