காஜாவின் பேஸ் பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை மேலூர் பக்கம் ஒரு வளைகாப்பு. கர்ப்பிணிப் பெண் மணையில் உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தில் சந்தனம் தடவ வரிசை நிற்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு மனிதர், "ஷார்ட் சர்க்யூட்!" என்று அலறியபடி, ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இழுத்து இறக்குகிறார். ஃபேன் நின்றது. சீரியல் பல்பு அணைந்தது. வீடியோக்காரரின் லைட்டும் போனது.

அந்த மனிதர் யார் என்று கேட்கமாட்டீர்கள். இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

ஆனால் ஏன் ஓடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம்தான்...

வண்டியூரில் எங்கள் காலனிப் பெண்கள் ஒரு கும்மிக் குழு வைத்திருக்கிறார்கள். தலைவி, என் மனைவி தனம். பாட்டுக்கு ஒரு ட்ராலி ஸ்பீக்கர் — சக்கரம் வைத்து, சூட்கேஸ் மாதிரி இழுத்துப் போவார்களே, அது. உள்ளேயே பேட்டரி, மைக், ப்ளூடூத் எல்லாம் உண்டு. பேஸ்தான், அந்தக் கனத்த அதிர்வுச் சத்தம்தான், கிடையாது. அதில் தவில் வாசித்தால், பவுடர் டப்பாவை யாரோ விரலால் தட்டுவது போலிருக்கும்.

குழுவில் நன்றாக ஆடுபவர் வசந்தா அக்கா. ஜாக்கெட் தைப்பவர். காது மந்தம், சில வருடங்களாக அது கூடிக்கொண்டே வருகிறது. காதில் மெஷின் வைத்தால், கூட்டத்தில் எல்லாச் சத்தமும் சேர்ந்து இரைகிறது என்பார். மொட்டை மாடியில் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று பயிற்சி எடுக்கும்போது சிக்கலில்லை. காலனிப் பொங்கல் விழாவில் திறந்தவெளி. தாளம் காற்றோடு போய்விட்டது. மற்றவர்களின் கையைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார் அக்கா. எல்லோரும் தட்டி முடித்த பிறகு தனியாக ஒரு தட்டு... ஒவ்வொரு முறையும். யாரோ வீடியோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள்.

மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்தார்.

"என்னய விட்ருங்க தனம். என்னால ஒங்களுக்கும் சேத்துல்ல கேலி."

"மேலூர்ல என் அண்ணன் மக வளைகாப்புக்கு மட்டும் வாங்கக்கா. அதுலயும் சரியா வரலேன்னா நான் கூப்பிடவே மாட்டேன்."

"இது ஒண்ணுதான். பெறகு நீ கெஞ்சக் கூடாது."

 

இதற்கு வழி கண்டுபிடித்தது தனம்தான். எங்கள் தெருவுக்கு காஜாவின் ஷேர் ஆட்டோ வரும். காஜா என் நண்பர், டவுனுக்குள் கீழவாசல் பக்கம் வீடு. பின் சீட்டுக்குக் கீழே ஒரு பேஸ் பெட்டி வைத்திருக்கிறார். வண்டி தெருவில் நுழைந்தால் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒருநாள் வசந்தா அக்கா வாசலுக்கு முதுகு காட்டித் தைத்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே, "காஜா வண்டி வந்துருச்சு" என்றாராம்.

"ஒங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள் தனம்.

"தரைதான் சொல்லுதுல்ல!"

தனம் நேராக என்னிடம் வந்தாள். "அந்தப் பெட்டிய நம்ம ஸ்பீக்கர்ல மாட்ட முடியுமாங்க?"

மனைவி இப்படிக் கேட்கும்போது, "தெரியாது" என்று சொன்ன கணவனை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

"இதென்ன பெரிய விஷயம்? ரெண்டு வயரு!" என்றேன்.

காஜாவிடம் கேட்டேன். "வசந்தாக்காவுக்கா? பெட்டி என்ன மாப்ள, வண்டியவே எடுத்துக்கங்க!" என்றார். சிரித்தேன். "எப்பிடி மாட்டணும்னு தெரியும்ல?" என்றும் கேட்டார். "எலக்ட்ரானிக்ஸ்ல எனக்கே பாடம் எடுக்குறீங்களா?" என்றேன். அவர் அதோடு வாயை மூடிக்கொண்டார்.

ஆரப்பாளையத்தில் ஒரு கடையில் வயர் வாங்கினேன். ஒரு முனையை வெட்டி, பெட்டியின் வயரோடு முறுக்கி, அரை ரோல் டேப்பைச் சுற்றினேன். மறு முனைக்கு ஸ்பீக்கரின் முதுகில் 'அவுட்' என்று போட்ட ஓட்டை இருக்கிறது. வீட்டில் ட்ரையல் பார்த்தாயா என்றுதானே கேட்கிறீர்கள்? பார்க்கவில்லை. பேஸ் அதிர்ந்து ஜன்னல் கண்ணாடி உடைந்து, வீட்டு ஓனர் மாடியேறி வந்து... அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்ததோடு ட்ரையல் முடிந்தது.

ஞாயிறு காலை, குழு முழுக்க காஜாவின் ஆட்டோவில் ஏறியது. நான் பேஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி மிடுக்காக உட்கார்ந்திருந்தேன்.

ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு முன்னால் சிமெண்ட் தளம், மேலே பந்தல். வயரைச் செருகினேன். பாட்டைப் போட்டேன். ட்ராலி பாடியது. பெட்டி? காதை வைத்துக் கேட்டால், கொசு ஒன்று உள்ளே அழுதுகொண்டிருந்தது. வால்யூமைக் கூட்டினேன். கொசு கொஞ்சம் பலமாக அழுதது. முழுசாகத் திருகினேன்...

தீய்ந்த வாசம்!

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பயம் வந்தால் எனக்கு முதலில் கால் ஓடும். மூளை அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். பந்தலே ஸ்தம்பித்திருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் நிற்காமல் பாடுகிறது. எங்கள் ட்ராலி ஸ்பீக்கர். அதுதான் பேட்டரியில் ஓடுகிறதே! எதைக் காப்பாற்ற ஓடினேனோ, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தேன்.

சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "அப்பளம்ணே... ரெண்டு கருகிப்போச்சு."

என் மச்சான், பெண்ணின் அப்பா, வந்து ஸ்விட்சைப் போட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

தனமும் திட்டவில்லை. வசந்தா அக்கா அந்தப் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"நீங்க ஆடுங்க தனம். நான் பந்தியக் கவனிக்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்போதுதான் பாயச டம்ளரோடு காஜா வந்தார். "மாப்ள, ஆம்ப்பு எங்க?"

"என்ன ஆம்ப்பு?"

"சரியாப் போச்சு! இது பாஸிவ் பெட்டி மாப்ள. வெறும் வாயிதான். தம் கட்டி ஊதுறதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வேணும். அது டிரைவர் சீட்டுக்கு அடியில கெடக்கு."

"அதாவது," என்றாள் தனம், "யாராவது பின்னாடி நின்னு தள்ளுனாத்தான் வேலை செய்யும். வீட்ல ஒண்ணு வச்சிருக்கேன்."

"ஏன்யா, இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று காஜா மேல் பாய்ந்தேன்.

"பாடம் எடுக்காதன்னீக. எடுக்கல."

தனம் குறுக்கே வந்தாள். "காஜாண்ணே, அந்த ஆம்ப்பக் கழட்ட முடியுமா?"

"போல்ட்டெல்லாம் துருப்புடிச்சுக் கெடக்கு தங்கச்சி. அதக் கழட்டுனா வண்டியும் சேந்து கழண்டு வந்துரும்."

"அப்ப வண்டிய உள்ள விடுங்க."

காஜா பாயசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடினார். ஹாரன் அடித்தபடி ஆட்டோ பந்தலுக்குள் நுழைந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். "சம்பந்தி! சீர்ல ஆட்டோவும் உண்டுன்னு சொல்லவே இல்லையே!" மணையில் இருந்த பெண், வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

ட்ராலியிலிருந்து ஆட்டோவின் ஆம்ப்புக்கு ஒரு வயர், ஆம்ப்பிலிருந்து சிமெண்ட் தரையில் வைத்த பெட்டிக்கு ஒரு வயர். இரண்டும் குட்டை. அதனால் ஆட்டோ நகர முடியாது. வட்டத்துக்கு நடுவில்தான் நிற்கவேண்டும். குத்துவிளக்கு இருக்கவேண்டிய இடத்தில் காஜாவின் ஆட்டோ!

இன்னொரு சிக்கல். தளம் சமையல் பக்கமாகச் சரிவு. "ஹேண்ட் பிரேக்கு சும்மா பேருக்குத்தான் மாப்ள. நீங்க ஏறி கால் பிரேக்க மிதிச்சுக்கங்க. நீங்க சுத்துன டேப்ப நான் கையால புடிச்சுக்கிறேன். அதுக்கும் ஒரு ஆளு வேணும்."

ஏறினேன். மிதித்தேன். கால் வழுக்கினால்? முன்னால் சாம்பார் அண்டா. வழியில் எட்டுப் பெண்கள்... கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

தவில் விழுந்தது. இந்த முறை டப்பாவில் இல்லை. என் சீட்டில், முதுகில், பல்லில். ஒரே ஒரு தடவை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். வசந்தா அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். செருப்பு ஓரமாகக் கிடக்கிறது. வெறுங்கால் சிமெண்ட் தரையில். பொங்கலன்று மற்றவர்கள் கையையே தேடிக்கொண்டிருந்த கண்கள், இன்று யாரையும் பார்க்கவில்லை. குனிந்தார். நிமிர்ந்தார். தட்டினார்.

ஒரே தட்டு. அத்தனை பேர் கையும் சேர்ந்து, ஒரே தட்டு.

மற்ற ஏழு பேரும் அவரைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் ஏதோ கரித்தது. அப்பளப் புகையாக இருக்கும். மறுபடி மூடிக்கொண்டு, உயிரைக் கொடுத்து மிதித்தேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். வசந்தா அக்கா. வியர்த்து வழிகிறது முகம்.

"தம்பி, கால எடுங்க! சக்கரத்துக்குக் கல்லு குடுத்தாச்சு. பாட்டு முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு! ஒங்களுக்குக் கேக்கலயா?"

"அப்படியாக்கா?" என்றேன் அசடு வழிய.

"அடுத்த ஆட்டம் எங்கன்னு தனத்துட்டக் கேட்ருக்கேன். எங்கயா இருந்தாலும் நீங்கதான் பிரேக்கு!"